ஏட்டில் எழுதிய ஆட்டம்

விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு கருத்தை யாரும் கேள்வி கேட்பதே இல்லை. ஆட்டம் பிறவியிலேயே வர வேண்டும், கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு அதைக் கற்றுத்தர முடியாது என்பதுதான் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அதற்குத் தோதாக ஒரு பழமொழியும் இருக்கிறது. அணி வென்றால் தனிமனிதத் திறமை வென்றது என்பார்கள். தோற்றால், பயிற்சியாளர் பையன்களை இயந்திரமாக்கிவிட்டார் என்பார்கள். தொலைக்காட்சி வர்ணனையிலும் முன்னாள் வீரர்களின் பேட்டியிலும் டீக்கடைப் பேச்சிலும் இதே தீர்ப்புதான்.

இந்தத் தீர்ப்பு தவறு, கேடும்கூட. இதை நம்புகிற பயிற்சியாளர் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறார். திறமை இருப்பவன் தானே மேலே வருவான் என்று காத்திருக்கிறார். நடுத்தரத் திறமையும் உழைக்கும் மனமும் கொண்டு, யாராவது சொல்லித்தர மாட்டார்களா என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் பையன்களும் பெண்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பிறவி வாதத்தைச் சோதிக்கக் கபடியை விடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. கபடி நம் மண்ணின் ஆட்டம், நம் ரத்தத்தில் ஓடுவது என்று நாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது முதல் 2014 வரை ஆண்களுக்கான தங்கம் ஒருமுறைகூட இந்தியாவை விட்டுப் போகவில்லை. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த அரையிறுதியில் ஈரான் ஆண்கள் அணி இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. மறுநாள் பெண்கள் இறுதியாட்டத்திலும் ஈரானே வென்றது, 27-24. அந்தப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். மொழி தெரியாத நாட்டுக்குப் போய், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அவர் அந்த அணியைத் தங்கம் வெல்லும் அணியாக்கினார். 2023இல் ஹாங்சோவில் இந்தியா இரண்டு தங்கங்களையும் மீட்டுக்கொண்டது உண்மை. ஆனாலும் ரத்தத்தில் மட்டுமே இருக்கும் ஒன்றை நாசிக்கிலிருந்து டெஹ்ரானுக்கு எடுத்துப் போயிருக்க முடியாது. ஷைலஜா ஜெயின் எடுத்துப் போனது பாடத்தை.

அந்தப் பாடம் ஏட்டில் எப்படி ஏறுகிறது, அங்கிருந்து உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்பதை அறிய அமெரிக்க ஃபுட்பாலின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமான அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பதினொரு பேரும் தத்தம் வேலை என்ன என்று தெரிந்து நிற்க வேண்டும். அதனால் பிளேபுக் எனப்படும் ஆட்டப் புத்தகம் அங்கேதான் முழு உருவம் பெற்றது. அதில் முதல் பெயர் பால் பிரவுன். ஒஹாயோ மாநிலத்தின் மசிலான் பள்ளியில் பயிற்சியாளராகப் பெயர் எடுத்தவர் அவர். 1946இல் கிளீவ்லாந்தில் தொழில்முறை அணி ஒன்றை உருவாக்கியபோது வீரர்களை வகுப்பறையில் உட்கார வைத்தார். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நகர்வுகளைத் தங்கள் கையாலேயே எழுதச் சொன்னார். எழுத்துத் தேர்வு வைத்தார். ஆட்டப் படங்களைத் திரையிட்டுப் பிழைகளைச் சுட்டினார். வளர்ந்த ஆண்களைப் பள்ளிப் பிள்ளைகள்போல் நடத்துகிறார் என்ற முணுமுணுப்பு அன்றும் இருந்தது. அவருடைய அணி தன் முதல் லீக்கில் 1946 முதல் 1949 வரை நான்கு ஆண்டுகளும் பட்டம் வென்றது. 1950இல் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் சேர்ந்தது. தோற்றுத் திரும்புவார்கள் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, அந்த முதல் ஆண்டிலேயே அங்கும் பட்டத்தைத் தட்டிச் சென்றது.

பிரவுனிடம் பாடம் கற்றவர்களில் ஒருவர் பில் வால்ஷ். திறமை இருந்தால் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய கதையை ஊன்றிப் படிக்க வேண்டும். 1969இல் சின்சினாட்டி அணியில் கிரெக் குக் என்று ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், இருந்தார். பந்தை நெடுந்தூரம் எறியும் அபூர்வமான கை அவருடையது. தோளில் ஏற்பட்ட காயம் அந்தக் கையை முடக்கியது. அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்த வர்ஜில் கார்ட்டரால் தொலைவுக்கு எறிய முடியாது. ஆனால் குறி தப்பாது, புத்தி கூர்மை. அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த வால்ஷ், கார்ட்டரின் கைக்கு எட்டும் தொலைவுக்குள் ஆட்டத்தையே திருத்தி எழுதினார். பந்தை நீளத்தில் வீசுவதை விட்டு மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்தினார். குறுகிய தூர வீச்சுகளை வகுத்து, எறிபவரின் காலடி எண்ணிக்கையையும் பிடிப்பவரின் ஓட்டத்தையும் ஒன்றோடொன்று பொருத்தினார். எறிபவர் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், அவர் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்து யாரை, அவரும் இல்லையென்றால் யாரை என்ற வரிசையும் அதிலேயே இருந்தது. 1970இல் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிற்காலத்தில் வெஸ்ட் கோஸ்ட் முறை என்று புகழ்பெற்று, நாடு முழுக்கப் பின்பற்றப்பட்ட ஆட்டப் புத்தகம் இப்படித் திறமையின் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது.

1979இல் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஆண்டில் 16 ஆட்டங்களில் 2 வெற்றி. அடுத்த ஆண்டு 6. புத்தகக்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைத்திருக்காது. மூன்றாம் ஆண்டில் 13 வெற்றிகள் வந்தன. 1982 ஜனவரி 10 அன்று, இறுதிப் போட்டிக்குள் நுழைவதற்கான ஆட்டத்தில், டாலஸ் அணியிடம் 27-21 என்று பின்தங்கிய நிலையில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். கோட்டுக்கு இன்னும் ஆறு கெஜம். குவாட்டர்பேக் ஜோ மொன்டானா வலப்பக்கமாக ஓடுகிறார். மூன்று எதிராளிகள் துரத்துகிறார்கள். பந்தை முதலில் பெற வேண்டிய ஃபிரெடி சாலமன் மறிக்கப்பட்டிருக்கிறார். மொன்டானா பின்னுக்குச் சாய்ந்தபடி பந்தை உயர எறிகிறார். டுவைட் கிளார்க் எம்பி விரல் நுனியில் பிடிக்கிறார். 28-27.

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட நொடிகளில் ஒன்று அது. நெருக்கடியில் புத்தகம் மறந்துபோகும், உள்ளுணர்வுதான் கைகொடுக்கும் என்பதற்குச் சான்றாக அதைக் காட்டுவது எளிது. உண்மை வேறு. அந்த நகர்வுக்குப் புத்தகத்தில் பெயர் உண்டு: ஸ்பிரின்ட் ரைட் ஆப்ஷன். அதே நகர்வில் அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் சாலமன் புள்ளி எடுத்திருந்தார். கடைசி நிமிடத்தில் சாலமன் மறிக்கப்பட்டதும் மொன்டானாவின் கண் கிளார்க்கைத் தேடியதற்குக் காரணம், சாலமன் இல்லையென்றால் கிளார்க் இடப்பக்கம் வெட்டி ஓடி மறுபடி வலப்பக்கம் திரும்பி வருவார் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டு, பயிற்சியில் ஒத்திகையும் பார்க்கப்பட்டிருந்ததுதான். கிளார்க்கின் எம்பல் அவருடையது. மொன்டானாவின் பதறாத மனம் அவருடையது. ஆனால் எறியும் கணத்தில் எங்கே பார்ப்பது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கலைக்குத் தேவையான நேரத்தைப் புத்தகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது.

புத்தகம் ஆட்டக்காரரை இயந்திரமாக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதை முன்வைப்பவர்களில் பலர் நல்ல ஆட்டப் புத்தகம் எதையும் திறந்து பார்த்ததில்லை. இன்னின்னார் இன்னின்ன இடத்துக்கு ஓடு என்ற கட்டளைகளின் அடுக்கு என்றே அதைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். 1960களில் கிரீன் பே அணியை ஐந்து முறை லீக் பட்டம் வெல்ல வைத்த வின்ஸ் லொம்பார்டி, ஸ்வீப் என்ற ஒரே ஒரு நகர்வைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் நடத்துவார். அந்த நகர்வின் உயிரே பந்தை ஏந்தி ஓடுபவருக்கு விடப்பட்ட தேர்வில் இருக்கிறது. முன்னே ஓடும் தடுப்பாளர் எதிராளியை அவன் போக விரும்பும் பக்கமே தள்ளிவிடுவார். அதனால் எந்தப் பக்கம் வழி திறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுபவர் பாய வேண்டும். உள்ளே போவதா வெளியே போவதா என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

கூடைப்பந்தில் இது இன்னும் தெளிவு. பயிற்சியாளர் டெக்ஸ் வின்டர் 1962இல் நூலாகவே எழுதி வெளியிட்ட முக்கோண முறையில், மூன்று பேர் ஒரு பக்கம் முக்கோணமாக நிற்பார்கள், இருவர் மறுபக்கம். பந்து எங்கே போகிறது, தடுப்பவர் எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்து அடுத்த நகர்வு மாறிக்கொண்டே போகும். இன்ன நகர்வு என்று பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இந்த முறைக்குள் கொண்டுவரப்பட்டவர் சாதாரண ஆளில்லை, மைக்கேல் ஜோர்டன். 1986-87இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.1 புள்ளி குவித்தவர். அவ்வளவு குவித்தும் சிகாகோ அணி 1988, 1989, 1990 மூன்று ஆண்டுகளும் டிட்ராய்ட்டிடம் தோற்று வெளியேறியது. எல்லாரும் ஜோர்டனையே சுற்றி வளைத்தார்கள். 1989இல் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளராகி, வின்டரின் முறையை அணியின் பாடமாக்கினார். 1990-91இல் ஜோர்டனின் சராசரி 31.5 ஆகக் குறைந்தது. அணி டிட்ராய்ட்டை 4-0 என்று துடைத்தெறிந்து முதல் பட்டத்தை வென்றது.

அதற்காக ஜோர்டனின் கலை செத்துவிட்டதா? பிறகும் அவர்தான் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர். 1993 இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், கடைசி நொடிகளில், பந்து ஜோர்டனிடமிருந்து அணித் தோழர்கள் பிப்பன், கிராண்ட் என்று கைமாறி, காவலில்லாமல் நின்ற ஜான் பாக்ஸனிடம் போய்ச் சேர்ந்து மூன்று புள்ளியானது. 1997இல் அதேபோல் ஆறாம் ஆட்டத்தின் முடிவில் ஜோர்டனே பந்தை ஸ்டீவ் கெர்ரிடம் தள்ளினார். பாக்ஸனும் கெர்ரும் தனியாக எவரையும் வென்றுவிடும் ஆட்டக்காரர்கள் இல்லை. சரியான இடத்தில் சரியான நேரத்தில் நின்றவர்கள். அப்படி நிற்பதும் ஒரு திறமை, அது கற்பித்து வருவது. தனிமனிதத் திறமையை மட்டும் கொண்டாடும் பார்வையில் அவர்கள் படுவதே இல்லை.

கற்பித்தது கலையைக் கொல்லாது என்பது கர்நாடக இசையில் நமக்குத் தெரியும்: வர்ணம் பாடிப் பாடித் தேர்ந்தவர் மனோதர்மம் இழந்துவிட்டார் என்று தமிழ்நாட்டில் எந்த ரசிகரும் சொன்னதில்லை. விளையாட்டென்று வரும்போது மட்டும் அந்தப் புரிதல் காணாமல் போவது வருத்தத்துக்குரியது.

உள்ளுணர்வு என்று சொல்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சதுரங்க ஆட்டத்தின் நடுக்கட்டக் காய்நிலை ஒன்றைச் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் அதைப் பெரும்பாலும் அப்படியே மீண்டும் அடுக்கினார். புதியவரால் முடியவில்லை. அதே காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கனடாவில் ஃபிரான் அல்லார்டும் சகாக்களும் 1980இல் கூடைப்பந்தில் செய்த ஆய்விலும் அதே போக்குதான். ஒழுங்காக நகரும் ஆட்டத்தின் படத்தில் ஆட்டக்காரர்களின் நினைவு மேலோங்கியது, ஒழுங்கற்ற காட்சிகளில் மற்றவர்களிடமிருந்து அவர்கள் வேறுபடவில்லை. ஆக, கூர்மையான கண் என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, அடிக்கடி பார்த்துப் பழகிய அமைப்புகளை அடையாளம் காணும் பயிற்சி. அந்த அமைப்புகளைத் தெருவில் பத்தாண்டு ஆடித் தானே பொறுக்கிக்கொள்ளலாம். நல்ல ஆசிரியர் அவற்றை ஒழுங்கு செய்து தந்தால் சில ஆண்டுகளிலேயே கற்கலாம். முதல் வழியில் எத்தனை பேர் பாதியில் உதிர்ந்து போகிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் இந்த விவாதம் மிகச் சூடாக நடந்தது ஹாக்கியில். செயற்கைத் தரையும் ஐரோப்பியத் திட்ட ஆட்டமும் சேர்ந்து நம் மட்டைக் கலையைக் கொன்றுவிட்டன என்ற புலம்பல் இரண்டு தலைமுறையாகக் கேட்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை முதன்முதலாக வந்தபோது இந்தியா ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. 1980 மாஸ்கோவில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் கிடைத்த தங்கத்துக்குப் பிறகு 41 ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. தரை மாறியது அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இதே மட்டைக் கலை மரபைச் சேர்ந்த பாகிஸ்தான் அதே செயற்கைத் தரையில் 1984 ஒலிம்பிக்கையும் 1994 உலகக் கோப்பையையும் வென்றதே, அதற்கு என்ன பதில்?

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தை நினைவுகூர்வது நல்லது. ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. இரண்டும் பெனால்டி கார்னரிலிருந்து வந்தவை. ஒன்று தடுக்கப்பட்டுத் திரும்பிய பந்தில் ஹர்திக் சிங் அடித்தது, மற்றது ஹர்மன்பிரீத் சிங்கினுடையது. ஹாக்கியில் பெனால்டி கார்னரைவிட ஏட்டில் எழுதப்பட்ட கட்டம் வேறில்லை. பந்தைத் தள்ளிவிடுபவர், நிறுத்துபவர், அடிப்பவர், திரும்பி வரும் பந்துக்காகக் காத்திருப்பவர் என ஒவ்வொருவரின் காலடியும் ஆயிரம் முறை ஒத்திகை பார்க்கப்பட்டது. கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைக் கோல்காவலர் ஸ்ரீஜேஷ் தடுத்து 5-4 என்று காத்ததும் அதே ஒத்திகையின் மறுபக்கம். யார் முதலில் பாய்ந்து ஓடுவது, எந்த மூலையை யார் காப்பது, கோல்காவலருக்கு எந்தக் கோணம் மிச்சம் என்பவை விசில் ஊதுவதற்கு முன்பே முடிவானவை. நாற்பத்தொரு ஆண்டுக் காத்திருப்பை முடித்த அந்த ஆட்டத்தில் கலையும் ஏடும் சண்டையிட்டுக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான சான்று உண்டு, அதை ஒளிக்கத் தேவையில்லை. அதே ஃபில் ஜாக்சன் 2014இல் நியூயார்க் அணியின் நிர்வாகத்துக்கு வந்து அதே முக்கோண முறையைக் கொண்டுவந்தார். 2014-15இல் அந்த அணி 17 வெற்றி, 65 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டு. புத்தகம் அதேதான், பலன் இல்லை. மூன்று புள்ளி வீச்சை மையமாக்கி ஆட்டமே மாறிக்கொண்டிருந்த காலம் அது. முறைக்குப் பொருந்தாத ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகாகோவில் அன்றாடம் பயிற்சிக் களத்தில் நின்று பாத வைப்பு முதல் பந்து தள்ளும் கோணம் வரை சலிக்காமல் திருத்திய வின்டர் அங்கே இல்லை. ஏட்டை எடுத்துவந்து, ஆசிரியரை விட்டுவிட்டார்கள். நியூயார்க் காட்டுவது புத்தகத்தின் தோல்வி என்றால், பாடநூல் இருந்தும் பிள்ளைகள் தேறாத பள்ளியைப் பார்த்துப் பாடநூலே வேண்டாம் என்று முடிவு கட்டலாம்.

தடித்த புத்தகம் சிறந்த புத்தகம் என்று நினைக்கும் பயிற்சியாளர்களும் பிறவி வாதத்துக்கு உடந்தைதான். கல்லூரி ஃபுட்பாலில் மைக் லீச் கையில் ஏறத்தாழ ஒரு தாளுக்குள் அடங்கும் நகர்வுகளே இருந்தன. அவற்றை வெவ்வேறு நிற்கும் அமைப்புகளிலிருந்து, கண்ணை மூடினாலும் வரும்வரை ஆட வைத்தார். 2008இல் அவருடைய டெக்சஸ் டெக் அணி, பெரும் திறமைசாலிகளைக் கூட்டிச் சேர்த்திருந்த டெக்சஸ் பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்தது. நூறு நகர்வுகளை அரைகுறையாக அறிந்த அணி எதிராளியைவிடத் தன்னையே அதிகம் குழப்பிக்கொள்ளும். இயந்திரம்போல் ஆடுகிறார்கள் என்று பார்வையாளர் குறை சொல்லும் அணிகளில் பெரும்பாலானவை, உண்மையில், பாடம் பாதியில் நின்றுபோன அணிகள்.

பாடத்தை எப்படி முடிப்பது? 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வென்ற யூ.சி.எல்.ஏ. கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் அதற்கு விடை. 1974-75இல் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் பேசிய ஒவ்வொன்றையும் குறித்தார்கள். பதிவான 2,326 கற்பித்தல் செயல்களில் ஏறக்குறைய பாதி, எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற நேரடி அறிவுறுத்தல். பாராட்டும் சரி, வெறும் கண்டனமும் சரி, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆவேச உரைகளே கிடையாது. பெரும்பாலும் ஓரிரு வாக்கியம், ஒரு செய்து காட்டல், மறுபடி ஆட்டம். ஒவ்வொரு பயிற்சிக்கும் காலையில் உதவியாளர்களோடு நெடுநேரம் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் திட்டம் எழுதி, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வருவார். முழு நகர்வை முதலில் காட்டுவார், துண்டு துண்டாக்கிப் பழக்குவார், மறுபடி கோத்து முழுசாக்குவார். வுடன் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். லொம்பார்டி பள்ளியில் லத்தீனும் அறிவியலும் நடத்தியவர். பால் பிரவுனும் பள்ளியிலிருந்து வந்தவர். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

இதெல்லாம் பணக்கார நாட்டு வசதி, நம் ஊர் பி.டி. வாத்தியாருக்கு வீடியோவும் உதவியாளரும் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுனின் வீரர்கள் தங்கள் கையால் எழுதிய நோட்டுக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு பள்ளிக் கபடி அணிக்கு மூன்று பக்கம் போதும். ஏழு தடுப்பாளர்களும் களத்தில் இருக்கும்போது என்ன, மூன்று பேராகக் குறைந்து சூப்பர் டேக்கிள் வாய்ப்பு வரும்போது என்ன, எதிரணிக்குப் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரெய்டு என்றால் என்ன. ஒவ்வொரு பக்கத்திலும் யார் முதலில் பிடிக்கப் போவது, யார் உடனே துணைக்கு வருவது, ரெய்டர் நடுக்கோட்டை நோக்கித் திமிறும்போது யார் மறிப்பது. ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடிக்கும் கார்னரின் துணிச்சலை எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது. ஆனால் அவர் பிடித்த அதே நொடியில் துணைக்கு நிற்கும் கவர் வந்து சேராவிட்டால் அந்தத் துணிச்சல் எதிரணிக்குப் புள்ளியாகிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்பது நியாயமான எச்சரிக்கை. எட்டு வயதுப் பிள்ளை ஓடட்டும், விழட்டும், எல்லா இடத்திலும் நின்று பார்க்கட்டும். மேல்நிலைப் பள்ளி அணிக்கு வந்து, மாவட்டப் போட்டிக்குப் பேருந்து ஏறும் பெண்ணிடம், போய் உன் இயல்பான ஆட்டத்தை ஆடு என்று மட்டும் சொல்லி அனுப்புவது வேறு. இடது கார்னரில் நிற்கும் அவளிடம் வலது கவரின் வேலை என்ன என்று கேட்டால், தயங்காமல் தரையில் குச்சியால் வரைந்து காட்டும் அளவுக்கு அவளைத் தயார் செய்வது பயிற்சியாளரின் கடமை. அவள் எட்டாம் வகுப்பில் அணிக்கு வந்தவள் என்றால், அதற்கு அவருக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன.